தெரிவும் பெறுமானமும்: புள்ளிவிபரவியல் முறையொன்று பற்றிய திறனாய்வு

பல முறைமைகளைக் கணினியில் உருவகப்படுத்தி, அவற்றுள் மிகச் சிறந்ததைத் தெரிந்தெடுக்கும் புள்ளிவிபரவியல் முறைகள், சார்பற்ற புறநிலை அறிவின் விளைவுகளாகவே பெரிதும் கருதப்படுகின்றன. இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

இத்துறையின் மூலவர்களுள் ஒருவர் றொபேட் பெக்ஹோபர். எல்லா முறைமைகளும் சமமானவையா என்று வினவுவதை விடுத்து, சிறந்ததைச் சரியாகத் தெரிவதற்கான நிகழ்தகவு யாது என்று 1954 இல் வெளியான கட்டுரையில் அவர் வினவினார். அவரது முறைப்படி, ஆய்வாளர் இரண்டினை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். ஒன்று, சரியான தெரிவுக்கு வேண்டப்படும் நிகழ்தகவு; மற்றது, பொருட்படுத்தத்தக்க மிகக் குறைந்த வேறுபாடு. இதனிலும் சிறிய வேறுபாடுகள் பொருட்படுத்தா வலயத்துள் அடங்கும். மாறற்றிறன் தெரிந்தவிடத்து, இவ்வெல்லையைப் பாதியாக்கினால் வேண்டப்படும் மாதிரிகள் நான்கு மடங்காகும். நுண்மைக்கும் விலை உண்டு.

தன் எடுகோள்களை மறையாது முன்வைக்கும் இந்நேர்மை பாராட்டற்குரியது. அளவுகோலைக் கூறாமலே படைப்புகளைத் தரப்படுத்தும் தூய அழகியல்வாதிகளிடம் நாம் இதனைக் காண்பதில்லை.

ஆயினும் பிரச்சினை இத்துடன் முடிவதில்லை. வைத்தியசாலை ஒன்றின் வெளிநோயாளர் பிரிவுக்கு இரு ஒழுங்குகள் உருவகப்படுத்தப்படுவதாகக் கொள்வோம். முதலாவதில், பத்துப் பேருள் ஒன்பதின்மர் 10 நிமிடங்களும் ஒருவர் 120 நிமிடங்களும் காத்திருப்பர். சராசரி 21 நிமிடங்கள். இரண்டாவதில் அனைவரும் 25 நிமிடங்கள் காத்திருப்பர். சராசரியே அளவுகோலாயின் முதலாவதே சிறந்தது. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு 5 நிமிடங்கள் என வகுத்தாலோ, இரண்டுள் எதனைத் தெரிந்தாலும் தவறில்லை. இரு முடிவுகளிலும் அந்தப் பத்தாவது மனிதர் மறைந்துபோகிறார். அவர் நாட்கூலியை இழந்து வந்தவராயின், அந்த 120 நிமிடங்களின் பொருளே வேறு.

சாந்தி குப்தா வளர்த்தெடுத்த முறை, ஒன்றை மட்டும் சுட்டாது, சிறந்தது உள்ளடங்கக்கூடிய ஒரு கூட்டத்தைத் தருவது. விவாதத்துக்கு அது இடமளிப்பினும், அளவுகோலை அதுவும் வெளியிலிருந்தே பெறுகின்றது.

எண்களை நிராகரிப்பது நமது நோக்கமன்று. அது பிற்போக்குவாதத்துக்கே துணைபோகும். சராசரிக்குப் பதிலாக நெடுநேரம் காத்திருப்போரின் விகிதத்தை அளவுகோலாக்கவும் இம்முறைகள் இடந்தருகின்றன. எனவே குறை கணிதத்தில் இல்லை. வினாவை வகுக்கும் உரிமை எவர் கையில் உள்ளது என்பதிலேயே உள்ளது. எதனை அளப்பது, எவ்வளவு வேறுபாட்டைப் புறக்கணிப்பது என்னும் தீர்மானங்களில் காத்திருப்போருக்கும் பங்கு கிடைக்கும்போதே 'சிறந்தது' என்னும் சொல் சமூகப் பொருளுடையதாகும்.