கடைசிப் பத்து மீட்டர்

கே2 சிகரத்தின் அந்த வீடியோவை இந்தப் பத்தியின் வாசகர்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். 2021 ஜனவரி 16. பத்து நேபாளிகள் ஒருவர் பக்கத்தில் ஒருவராக, தங்கள் தேசிய கீதத்தைப் பாடிக்கொண்டு உச்சியை நோக்கி நடக்கிறார்கள். குளிர்காலத்தில் யாரும் தொடாத கடைசி எண்ணாயிர மீட்டர் சிகரம் அன்று வசப்பட்டது. பார்த்தவர்கள் நெகிழ்ந்தார்கள், நாட்டுப்பற்று என்றார்கள். கேமராவுக்காகச் செய்தது என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. நான் அதை ஓர் ஆட்ட முடிவாகப் பார்க்கிறேன். மலையேற்ற வரலாற்றில் அதைவிடத் துணிச்சலான முடிவு அதிகம் இல்லை என்பது என் கட்சி.

அந்த முடிவின் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேரும் ஒரே வேகத்தில் ஏறி வரவில்லை. முன்னால் வந்தவர் உச்சிக்குச் சுமார் 10 மீட்டர் கீழே நின்றுவிட்டார். நேரமோ மாலையை நெருங்குகிறது. இறங்கும் வழியில், தலைக்கு மேல் பனிப்பாறைகள் தொங்கும் பாட்டில்நெக் என்ற குறுகலான பகுதியைக் கடந்தாக வேண்டும். 8,600 மீட்டர் உயரத்தில் சும்மா நிற்பது ஓய்வாகாது. நின்றால் உடல் சூடு இறங்கும், விரல்கள் விறைக்கும், சிலிண்டரில் ஆக்சிஜன் குறையும், வெளிச்சம் போகும். இன்னும் ஒரு சில நிமிடம் நடந்திருந்தால் அவர் பெயர் எல்லாப் பதிவேடுகளிலும் தனி வரியாக ஏறியிருக்கும். அவர் நடக்கவில்லை, நின்றார். மற்றவர்கள் வந்து சேர்ந்த பிறகு எல்லோருமாகச் சேர்ந்து போனார்கள். மூன்று வெவ்வேறு அணிகளாக அடிவாரத்துக்கு வந்தவர்கள் அவர்கள், ஒன்பது ஷெர்பாக்களும் மகர் இனத்தவர் ஒருவரும். யார் முன்னால் வந்தவர் என்பதை நானும் இங்கே எழுதப்போவதில்லை. அவர் நின்றதன் நோக்கமே அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் செய்வதுதான்.

இதை விளங்கிக்கொள்ள மலையேறிகளின் சுயசரிதைகளைவிட ஒரு வரலாற்றுப் பேராசிரியரின் எழுத்துகள் எனக்கு அதிகம் உதவியிருக்கின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் பாலிடெக்னிக் கல்வி நிறுவனத்தின் பீட்டர் ஹேன்சன். மலைகளை மனிதர்கள் எப்படிப் பார்த்தார்கள், ஏறியவர்களை ஊர் எப்படிக் கொண்டாடியது என்பதை ஆராய்வதிலேயே பல பத்தாண்டுகளைச் செலவிட்டவர். ‘தி சம்மிட்ஸ் ஆஃப் மாடர்ன் மேன்’ என்ற அவருடைய நூல் 2013இல் வெளிவந்தது. உச்சியில் முதலில் கால் வைத்தது யார் என்ற கேள்வி மலையோடு கூடப் பிறந்ததில்லை. ஐரோப்பாவில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் அது முளைத்தது என்று அந்த நூல் காட்டுகிறது. விளையாட்டு எழுதுகிறவர்கள் அனைவரும் படிக்க வேண்டிய நூல் அது. நாம் தினமும் கேட்கிற கேள்விக்கு ஒரு பிறந்த தேதி உண்டு என்று தெரிந்தால், கேட்கும் விதமே மாறும்.

அந்தக் கதை மோன் பிளாங்கில் தொடங்குகிறது. அதன் உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக 1760இல் ஜெனீவா அறிஞர் ஒருவர் அறிவித்தார். 1786 ஆகஸ்ட் 8 அன்று ஷாமனி ஊர் மருத்துவர் ஒருவரும் படிகக்கல் தேடி மலையில் அலைபவர் ஒருவரும் உச்சியை அடைந்தார்கள். கீழே பள்ளத்தாக்கிலிருந்து தொலைநோக்கியில் பார்த்துக் குறித்துவைத்தவர்கள் இருந்தார்கள். அப்படியும் பின்னர் பரவிய கதைகளில் மருத்துவர் வழியில் தளர்ந்துவிட்டார், படிகம் தேடுபவர்தான் அவரை மேலே இழுத்துக்கொண்டு போனார் என்றானது. 1887இல் ஷாமனியில் எழுப்பப்பட்ட சிலையில் அறிஞரும் படிகம் தேடுபவரும் நிற்கிறார்கள், மருத்துவரைக் காணோம். அவருக்கென்று ஒரு சிலை வர 1986 ஆயிற்று. இருவர் சேர்ந்து செய்ததை இருவருடையதாக ஏற்றுக்கொள்ள அந்த ஊருக்கே 200 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

இந்த ஆட்டத்துக்குப் பார்வையாளர்கள் எப்படி உருவானார்கள் என்பதையும் ஹேன்சன் எழுதியிருக்கிறார். மோன் பிளாங்க் ஏறிவந்த மேடைக் கலைஞர் ஒருவர் 1852 முதல் லண்டனின் எகிப்தியன் ஹாலில் அந்த ஏற்றத்தையே ஒரு நிகழ்ச்சியாக்கி ஆண்டுக்கணக்கில் நடத்தினார். 1857இல் அதே லண்டனில் மலையேறிகளின் ஆல்பைன் கிளப் பிறந்தது. கூட்டம் முந்தி வந்தது, கிளப் அடுத்து வந்தது. கூட்டம் வந்துவிட்டால் அதற்கு ஒரு நாயகன் வேண்டும், இரண்டு பேர் என்றால் அதற்குத் திருப்தி வராது. 1924 எவரெஸ்ட் பயணத்தின் திரைப்படத்தைக் காட்டும்போது திபெத்திய லாமாக்களை அழைத்து வந்து லண்டன் மேடையில் ஆடவைத்ததையும் அவர் ஆராய்ந்திருக்கிறார். திபெத் அதிகாரிகள் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டார்கள். 1933 வரை அந்தப் பக்கத்திலிருந்து எவரெஸ்டுக்குப் போகும் வழி அடைபட்டது. கீழே நடக்கும் காட்சியும் மேலே நடக்கும் ஏற்றமும் வேறு வேறு என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

1953 மே 29க்கு வருவோம். எவரெஸ்டில் இரண்டு பேர், இடையில் ஒரே கயிறு. செய்தி லண்டனை அடைந்தது ஜூன் 2, அரசியின் முடிசூட்டு நாளன்று. காத்மாண்டுவிலோ இருவரில் ஒருவரான ஷெர்பா மேலே நின்றுகொண்டு துணைவரை இழுப்பது போன்ற படங்களோடு வரவேற்பு. மோன் பிளாங்க் கதையில் வந்த அதே இழுப்பு! நேபாளம் அவரை எங்கள் பிள்ளை என்றது, டார்ஜிலிங்வாசி என்பதால் இந்தியாவும் விடவில்லை. கடைசியில் இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உச்சியை அடைந்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. 1955இல் வந்த தன் சுயசரிதையில், துணைவர்தான் முதலில் கால் வைத்தார் என்று ஷெர்பா சொன்னார். அவர் நேர்மையானவர், சொன்னார். ஆனால் அதைச் சொல்லவைத்த நெருக்கடியைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஒரே கயிற்றில் ஏறுகிறவர்களில் முன்னால் போகிறவர் பின்னால் இருப்பவரின் பிடியை நம்பித்தான் அடுத்த காலை எடுத்து வைக்கிறார். இந்த அடிப்படையை அறியாதவர்களின் கேள்வி அது.

அந்தக் கேள்விக்குக் கே2வின் பத்துப் பேர் பதில் சொல்லிவிட்டார்கள். 1953இல் ஊர் கேட்டுத் துளைத்ததை 2021இல் கேட்கவே முடியாமல் செய்தார்கள். அதுவும் யார்? நூறாண்டுகளாக மற்றவர்களின் ஏற்றத்துக்குச் சுமை தூக்கி, கயிறு கட்டி, ‘மற்றும் ஷெர்பாக்கள்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிப்போனவர்களின் வாரிசுகள். தங்கள் முறை வந்தபோது ஒருவரை மட்டும் முன்னிறுத்தி மற்ற ஒன்பது பேரை ‘மற்றும்’ ஆக்கிவிடவில்லை.

உச்சிக்குக் கீழே நிற்பதெல்லாம் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. மனாஸ்லுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 இலையுதிர் காலத்தில் ஒரு டிரோன் படம் வந்தது. 8,163 மீட்டர் சிகரத்தின் உண்மையான உச்சிக்கு முன்பே ஒரு மேட்டில் மலையேறிகள் கூடி நிற்பதை அது காட்டியது. பல்லாண்டுகளாகப் பெரும்பாலோர் அங்கேயே திரும்பி, உச்சி தொட்டதாகச் சான்றிதழும் வாங்கியிருந்தார்கள். அதே சில மீட்டர்களைக் காஞ்சன்ஜங்காவில் பாருங்கள். சிக்கிம் மக்களுக்கு அது புனித மலை. உச்சியைத் தீண்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு 1955 மே 25 அன்று இருவர் ஏறினார்கள், சில அடிகள் மீதமிருக்க நின்றார்கள். மறுநாள் வந்த இருவரும் அப்படியே நின்றார்கள். உச்சியில் நாங்கள் கால் வைக்கவில்லை என்று அவர்களே அறிவித்தார்கள். அதன் பிறகும் 8,586 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தின் முதல் ஏற்றம் அவர்களுடையதாகவே எங்கும் பதிவாகியிருக்கிறது. ஒரு சிகரத்தில் மீதம் வைத்ததை மறைத்தார்கள், மற்றதில் மீதம் வைத்ததையே அறிவித்தார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ‘முழுமையடையாத ஏற்றம்’ என்று எழுதும் விமர்சகர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

இன்னொன்றையும் மறந்துவிட்டோம். 1924 குளிர்கால ஒலிம்பிக் நடந்தது அதே ஷாமனியில். மலையேற்றத்துக்கான பதக்கம் அங்கே 1922 எவரெஸ்ட் பயணத்துக்குத் தரப்பட்டது. அந்தப் பயணம் உச்சியை எட்டவே இல்லை. பனிச்சரிவில் சுமைதூக்கிகள் ஏழு பேரையும் பறிகொடுத்திருந்தது. எட்டாத உச்சிக்கும் பதக்கம் உண்டு என்று ஒலிம்பிக் மேடையே ஒருகாலத்தில் ஒப்புக்கொண்டிருந்தது.

இனி நடக்கப்போவதை என் கணிப்பாகச் சொல்கிறேன். ‘முதல்’ என்ற சொல் எண்ணாயிர மீட்டர் சிகரங்களில் தீர்ந்துவிட்டது, அதனால் வேகச் சாதனைகள் பெருகும். இத்தனை நாளில் இத்தனை சிகரம் என்ற பட்டியல்கள் விளம்பரதாரர்களுக்கு வசதியானவை, வாசகர்கள் ஐந்து ஆண்டுகளில் சலித்துப்போவார்கள். டிரோனும் ஜிபிஎஸ்ஸும் கிரிக்கெட்டின் மூன்றாவது நடுவர் மாதிரி மலைக்கு வந்து சேரும். மனாஸ்லு மாதிரியான உச்சிகள் இனி ஏமாற்றாது. பழைய பட்டியல்களிலிருந்து இன்னும் சில பெரிய பெயர்கள் உதிரும். காஞ்சன்ஜங்காவின் கடைசி அடிகளுக்குத்தான் என் கவலை. பலர் அந்த வழக்கத்தை இன்றும் காக்கிறார்கள். ஆனால் உச்சியில் கால் படும் வீடியோ இல்லாவிட்டால் நம்பமாட்டோம் என்று சரிபார்ப்பவர்கள் அடம்பிடித்தால் வழக்கம் உடையும், உடைப்பதற்கான நெருக்கடி ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். அந்தச் சிகரத்துக்கு மட்டும் தனி விதி எழுதிவிட வேண்டும். நேபாளிகள் பத்துப் பேராக, இருபது பேராகச் சேர்ந்து செல்வதும் தொடரும். இமயத்தின் அடுத்த பெரிய குளிர்கால ஏற்றமும் ஒரு தனிப்பெயரில் வராது என்று பந்தயமே கட்டுவேன்.

‘முதல்’ இன்னும் மிச்சமிருக்கும் சிகரம் ஒன்றும் உண்டு. பூடானின் கங்கர் புயென்சும், 7,570 மீட்டர், ஏறப்படாத சிகரங்களில் உலகிலேயே உயரமானது. 1994 முதல் 6,000 மீட்டருக்கு மேலே ஏறுவதையும் 2003 முதல் மலையேற்றத்தையே முழுமையாகவும் பூடான் தடை செய்திருக்கிறது. அனுமதி வாங்கித் தருகிறோம் என்று யாராவது கிளம்புவார்கள். பூடான் இணங்காது, இணங்கவும் கூடாது.

மலையேற்றத்தைப் பின்தொடரும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த உச்சிப் படம் உங்கள் கைப்பேசிக்கு வரும்போது, முதலில் போனவர் யார் என்று தேடுவதை விட்டுவிட்டு, கயிற்றைக் கட்டியவர்கள் யார், கீழே நின்று காத்திருந்தவர்கள் யார் என்று தேடிப்பிடித்து அதை எழுதியனுப்புங்கள்.