மென்பொருள் சிந்தசைசர்களின் ஒப்பீடு: சில விமரிசனச் சிக்கல்கள்

மிருதங்கம் வாங்கச் செல்வோர் அதனைத் தட்டிப் பார்ப்பர். வீணை வாங்கச் செல்வோர் தெரிந்த வித்துவான் ஒருவரை உடனழைத்துச் செல்வர். மரத்தின் முதிர்வு, தோலின் பதம், செய்தவரின் கைத்திறன் ஆகியன பற்றிய மரபுவழி அறிவொன்று வாங்குவோருக்குத் துணைநின்றது. கணனிக்குள் மட்டுமே வாழும் சிந்தசைசர் ஒன்றைத் தெரிவுசெய்ய முற்படுவோருக்கு அத்தகைய அறிவுமரபு இன்னும் உருவாகவில்லை. அலையங்கள் எத்தனை, வடிகட்டிகள் எத்தனை, ஆயத்த ஒலிகள் எத்தனை என்ற பட்டியல்களே அவர்களுக்குக் கிடைப்பன. நாவலொன்றின் தரத்தைப் பக்க எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பிடும் விமரிசகரை எவரும் பொருட்படுத்தார். ஆயின் இத்துறையில் எழுதப்படுபவற்றுட் பெரும்பகுதி அத்தகையதாகவே உள்ளது.

கணனி கொண்டு ஒலியை உண்டாக்கும் முயற்சி புதியதன்று. 1957ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தில் மக்ஸ் மத்தியூஸ் எழுதிய நிரல், ஐ.பி.எம். 704 கணனியிலே சில வினாடிகள் நீடித்த இசைத்துண்டொன்றை உண்டாக்கியது. ஆயினும் இசைஞரின் கைக்கு முதலில் வந்துசேர்ந்தது மின்சுற்றுக்களாலான கருவியே. 1970இல் வெளிவந்த மினிமோக் மூன்று அலையங்களும் ஒரு வடிகட்டியும் கொண்டது. விலை ஏறத்தாழ 1,500 டொலர். 1983இல் யமஹா நிறுவனத்தின் டீ.எக்ஸ்.7 வந்தபோது நிலைமை மாறியது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் 1967இல் கண்டறிந்த மீடிறன் பண்பேற்ற முறையை அடிப்படையாகக் கொண்ட அக்கருவி ஒரு இலட்சத்துக்கும் அதிகமாக விற்பனையாயிற்று. ஸ்ரைன்பேர்க் நிறுவனம் 1996இல் வி.எஸ்.ரீ. என்னும் இணைப்பு முறையை அறிமுகப்படுத்தி, 1999இல் அதனை இசைக்கருவிகளுக்கும் விரித்தபொழுது, பிறர் எழுதிய சிந்தசைசர் எதனையும் ஒலிப்பதிவு மென்பொருளினுள் பிளகினாகச் செருகிக்கொள்ளும் வாய்ப்பு ஏற்பட்டது. வீட்டின் ஓர் அறையே ஒலிப்பதிவுக் கூடமாகும் சூழ்நிலை இதன் விளைவேயாகும்.

புதிய ஊடகமொன்று தோன்றும்போது அது முதலிற் பழைய ஊடகத்தின் வேடத்தையே புனைந்துகொள்ளும் என்பது கலை வரலாற்றில் அடிக்கடி காணப்படுவது. மென்பொருள் சிந்தசைசரும் இதற்கு விலக்கன்று. திரையிலே மரச்சட்டம் வரையப்பட்டது. சுழற்ற முடியாத குமிழ்களைச் சுட்டியாற் சுழற்றும் விநோதம் தோன்றியது. ‘உண்மைக் கருவியைப் போன்றிருக்கிறதா?’ என்ற வினாவே இன்றுவரை ஒப்பீட்டின் மையமாக இருந்துவருகின்றது. இவ்வினாவை முற்றாகத் தள்ளிவிட முடியாது. அதன் அடியிலே பௌதிகவியல் சார்ந்த உண்மைப் பிரச்சினையொன்று உண்டு.

கணனி ஒலியை வினாடிக்கு 44,100 மாதிரிகளாக வெட்டிக் கணிக்கும்போது, 22,050 ஏட்சுக்கு மேற்பட்ட மீடிறன் எதனையும் அதனாற் காட்டமுடியாது. வாட்பல் வடிவ அலையோ முடிவற்ற மேற்றொனிகளைக் கொண்டது. 3,000 ஏட்சு மீடிறனுடைய வாட்பல் அலையொன்றைக் கவனமின்றிக் கணித்தால், அதன் எட்டாவது கூறாகிய 24,000 ஏட்சு எல்லையைத் தாண்டி, மடங்கித் திரும்பி, 20,100 ஏட்சாக ஒலிக்கும். ஒன்பதாவது 17,100 ஆகவும் பத்தாவது 14,100 ஆகவும் கீழிறங்கும். இவை 3,000இன் மடங்குகளல்ல. ஆகவே மூலச் சுரத்தோடு உறவற்ற கீறலொலிகளாகக் காதில் விழுகின்றன. தொடக்ககால மென்கருவிகள் ‘குளிர்ந்தவை’, ‘உயிரற்றவை’ என்று பழிக்கப்பட்டமைக்கு இது ஒரு காரணமாகும். மற்றது வடிகட்டி. மின்சுற்றில் வடிகட்டியின் வெளியீடு உள்ளீட்டுக்கு உடனடியாகத் திரும்பி வருகின்றது. எளிய கணிப்பிலோ ஒரு மாதிரி பிந்தியே வரும். அத்தாமதம் வினாடியின் 44,100இல் ஒரு பங்குதான். எனினும் ஒத்ததிர்வைக் கூட்டிக்கொண்டு போகும்போது வடிகட்டியின் குணம் மாறிவிடுவதற்கு அதுவே போதுமானது.

பேர்லினிலுள்ள யூ-ஹீ நிறுவனத்தின் டீவா இப்பிரச்சினையை நேரடியாக எதிர்கொண்டது. பின்னூட்டலைத் தாமதமின்றிக் கணிப்பதற்கு ஒவ்வொரு மாதிரிக்கும் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறையை அது கைக்கொண்டது. அதற்கான விலையைக் கணனியே செலுத்தவேண்டியிருந்தது. டீவாவின் மிக உயர்ந்த தர நிலையில் சில சுரங்களை ஒருங்கே வாசித்தால் அக்காலக் கணனிகள் திணறின. டீவாவின் சிறப்பு போலச்செய்தலின் நுட்பத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. வெவ்வேறு பழங்கருவிகளின் அலையங்களையும் வடிகட்டிகளையும் ஒரே கருவியில் மாற்றி மாற்றிப் பொருத்த அது இடமளிக்கின்றது; எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படாத கருவியொன்று அங்கே பிறக்கின்றது. போலியை மதிப்பிடும் எழுத்தாளர்கள் இதனை ஒரு வசதியாக மட்டும் குறித்துவிட்டு நகர்ந்துவிடுவது வியப்புக்குரியது.

டீ.எக்ஸ்.7இன் நிலை வேறு. அது தொடக்கத்திலேயே எண்முறைக் கருவி; ஆறு இயக்கிகளும் 32 இணைப்பு முறைகளும் கொண்ட கணிப்பொறி. அதனை மென்பொருளாக்குவது ஓவியத்தைப் பார்த்து ஓவியம் வரைவதன்று; கையெழுத்துப் பிரதியைப் படியெடுப்பதை ஒத்தது. இலவசமாகக் கிடைக்கும் டெக்செட் பழைய டீ.எக்ஸ்.7இன் ஒலித்தரவுகளை நேரே ஏற்றுக்கொள்கின்றது. இங்கு ‘மூலம்’ என்ற சொல்லுக்கே பொருள் தேய்ந்துவிடுகின்றது.

2014இல் எக்ஸ்பர் நிறுவனத்தின் ஸ்ரீவ் டூடா வெளியிட்ட சீரம், பழமையின் வேடத்தைக் களைந்தெறிந்தது. அது அலைவரிசை அட்டவணை முறையில் இயங்குவது. ஓர் அட்டவணையில் 256 அலைவடிவங்கள் வரை அடங்கும். அவற்றை வாங்குவோர் தாமே வரையலாம். அலைவடிவம் மாறுவதைக் கண்ணாற் காணலாம் என்பது அதன் பெருங்கவர்ச்சி. கற்போருக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் கண் செவியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் அபாயமும் இங்கே உண்டு. அழகாகச் சுழலும் அலைவடிவம் அழகாக ஒலிக்க வேண்டியதில்லை. 2020இல் மற் ரைற்றெல் வெளியிட்ட வைற்றல் இதே பாதையிற் செல்வது. இலவசப் பிரதியிலும் கருவியின் இயக்கம் குறைக்கப்படாமல், ஆயத்த ஒலிகளும் அட்டவணைகளும் மட்டுமே குறைக்கப்பட்டிருந்தன. விற்கப்படும் பொருள் எது என்பதை இவ்வேற்பாடு தற்செயலாகவே அம்பலப்படுத்திவிட்டது எனலாம். கருவி இலவசம், பிறர் செய்துவைத்த ஒலிகளுக்கே பணம்.

ஆயத்த ஒலி பற்றி இவ்விடத்திற் சிறிது நின்று நோக்குதல் தகும். டீ.எக்ஸ்.7இல் ஒலியைத் தாமே அமைப்பது கடினமாயிருந்தமையாற் பெரும்பாலோர் தொழிற்சாலை தந்த ஒலிகளையே வாசித்தனர். அதன் மின்பியானோ ஒலி 1980களின் மெல்லிசைப் பாடல்கள் பலவற்றில் ஒரேமாதிரி ஒலிப்பது இதனாற்றான். இன்றைய ஆயத்த ஒலிகள் இன்னொரு வகையில் தவறான சாட்சிகள். அவை தனியே கேட்கும்போது வாங்குவோரை மயக்கும்படி ஆக்கப்பட்டவை: எதிரொலி சேர்ந்திருக்கும், இருபுறமும் விரிந்திருக்கும், ஆழ்ந்த கீழ்ஒலியும் கூர்ந்த மேலொலியும் ஒருங்கே நிறைந்திருக்கும். ஒரு பாடலினுள் குரலுக்கும் தாளத்துக்கும் இடம்விட்டு நிற்கவேண்டிய வேளையில் இவ்வொலி பிறர்க்கு இடந்தராது. மேலும், சற்றே உரத்து ஒலிப்பதைச் செவி சிறந்ததென்றே கொள்ளும். இரு கருவிகளின் ஒலிமட்டத்தைச் சமப்படுத்தாமலும், எது எது என்று அறியாநிலையிற் கேளாமலும் செய்யப்படும் ஒப்பீடு, கருவியின் குணத்தையன்று, விற்பனையாளரின் சாமர்த்தியத்தையே அளக்கின்றது. இரண்டிலும் ஆயத்த ஒலிகளை ஒதுக்கிவிட்டு, வெறும் ஒரு வாட்பல் அலையையும் ஒரு வடிகட்டியையும் வைத்து, மேற்சுரங்களில் ஏறி இறங்கிப் பார்ப்பதும், வடிகட்டியை மெல்லத் திறந்து மூடிப் பார்ப்பதும் அரை மணி நேரத்து வேலை. ஆயிரம் ஆயத்த ஒலிகளைப் புரட்டுவதிலும் பார்க்க அது அதிகம் சொல்லும்.

விலை பற்றிய வினா கலைக்குப் புறம்பானதன்று. 2022இல் சீரத்தின் விலை 189 டொலராக இருந்தது. 2022இன் தொடக்கத்தில் இலங்கை நாணயத்தில் ஏறத்தாழ 38,000 ரூபாவாக இருந்த அத்தொகை, அவ்வாண்டு மே மாதத்தில் 65,000 ரூபாவைத் தாண்டியது. மென்பொருளில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதனை எட்டமுடியாதோர் திருட்டுப் பிரதியை நாடுவதைக் குறித்து ஒழுக்கவுரை நிகழ்த்துவது எளிது. அவ்வுரையை நிகழ்த்துவோர் அவர்தம் மாத வருமானத்தையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும். சிறுதொகையை மாதந்தோறும் செலுத்தி ஈற்றில் உரித்தாக்கிக்கொள்ளும் ஏற்பாடு சீரத்துக்கு உண்டு. மாதச்சந்தாவாக மட்டும் வழங்கப்படும் மென்பொருளிலோ செலுத்துவது நின்றால் கருவியும் நின்றுவிடும். 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் தன் பிளகின்களை இனிச் சந்தா முறையில் மட்டுமே தருவதாக அறிவித்து, பாவனையாளர்களின் எதிர்ப்பினாற் சில நாட்களுக்குள்ளேயே அம்முடிவைக் கைவிட்டமை நினைவுகூரத்தக்கது.

முழுவிலை கொடுத்து வாங்கியதும் நிலையானதென்று கூறுவதற்கில்லை. அப்பிள் நிறுவனம் 2019இல் வெளியிட்ட இயங்குதளம் 32 பிற்று மென்பொருள்களை இயக்க மறுத்தபோது, புதுப்பிக்கப்படாத பிளகின்கள் ஒரே நாளிற் பயனற்றன. பாட்டனாரின் வயலின் பேரனுக்கு வருவதுண்டு. பத்தாண்டுக்கு முன் வாங்கிய பிளகின் வாங்கியவருக்கே எஞ்சுமென்பதற்கு உறுதியில்லை. அதனோடு அதில் அமைக்கப்பட்ட பாடல்களின் மூலங்களும் திறக்கப்பட முடியாதனவாகின்றன. சேர்ஜ் என்னும் சிந்தசைசரின் வரலாறு இவ்வகையில் தனிக் கவனத்துக்குரியது. விற்பனைக்கென எழுதப்பட்ட அதனை, ஆக்கியோனான கிளேஸ் ஜொஹான்சன் 2018இல் மூலநிரலோடு பொதுவுடைமையாக்கினார். ஆர்வலர் குழுவொன்று அதனை விரித்து 2022இல் சேர்ஜ் எக்ஸ்.ரீ. என வெளியிட்டது. நிறுவனத்தின் விருப்புவெறுப்புக்கு அப்பால் ஒரு கருவி வாழ்வதற்கு இதனைவிடச் சிறந்த ஏற்பாடு இதுவரை காணப்படவில்லை. அதன் தோற்றம் சீரத்தைப்போற் கவர்ச்சியானதன்று என்ற குறைபாடு அடிக்கடி கூறப்படுகின்றது. அது உண்மைதான், ஆனாற் பெரிதன்று.

தமிழிசை பயின்ற செவிக்கு இவ்வொப்பீடு மேலும் ஒரு படி செல்லவேண்டியுள்ளது. ஹார்மோனியத்துக்கு எதிராக ஒருகால் எழுந்த வாதம் அறிந்ததே: நிலைத்துநிற்கும் பன்னிரு சுரங்களால் கமகத்தைத் தரவியலாதென்ற அடிப்படையில் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அக்கருவியை விலக்கிவைத்தது. ஈழத்து இசைநாடக மேடையோ அதே கருவியைத் தன் உயிர்நாடியாக ஏற்றுக்கொண்டது. சிந்தசைசர் அந்த விசைப்பலகையின் வாரிசு. ஆயினும் அதன் பன்னிரு சுரக் கட்டு நிரலிலே எழுதப்பட்டதேயன்றி மரத்திலும் உலோகத்திலும் செதுக்கப்பட்டதன்று. சேர்ஜும் வைற்றலும் சுருதி அட்டவணைகளை ஏற்கின்றன. சுரங்களின் இடைவெளிகளை வாசிப்போர் தாமே வகுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க இடமளிக்கும் எம்.பீ.ஈ. முறை 2018இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இவ்விரு கருவிகளும் அதற்கும் இசைவன.

ஆயினும் சுருதியை நுணுக்கிவிட்டாற் கமகம் வந்துவிடுமென எண்ணுதல் தவறு. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் சுரமன்று; ரிஷபத்துக்கும் மத்திமத்துக்குமிடையே அசைந்தே அது தன் உருவத்தைப் பெறுகின்றது. சிந்தசைசரிலுள்ள வழக்கமான அசைவுக் கருவி, ஒரு சுரத்தின் இருபுறமும் ஒரே அளவில் ஒரே வேகத்தில் ஊசலாடுவது; அதனைக் காந்தாரத்தின் மீது ஏற்றினாற் கிடைப்பது நடுக்கமேயன்றித் தோடியன்று. இந்நோக்கிற் பார்த்தால் வரிசை தலைகீழாகின்றது. போலச்செய்தலில் முதன்மை பெற்ற டீவாவின் அசைவுகள் குறிப்பிட்ட சில வடிவங்களுக்குள் அடங்கியன. சீரம், வைற்றல், சேர்ஜ் மூன்றும் அசைவின் வடிவத்தைக் கையால் வரைய இடந்தருகின்றன: மெல்ல ஏறி, மேலே சிறிது தங்கி, விரைந்திறங்கும் வளைவொன்றை வரைந்து, ஒருமுறை மட்டும் இயங்கும்படி அமைக்கலாம். அவ்வாறு வரையப்பட்ட காந்தாரம் முதன்முறை கேட்கும்போது தோடியை நினைவூட்டும். அடுத்த பிடியிலும் அதற்கடுத்த பிடியிலும் அதே வளைவு அதே வேகத்தில் மீண்டும் வரும்போது, பாடகர் ஒருபோதும் அவ்வாறு பாடுவதில்லை என்பதைச் செவி உடனே கண்டுகொள்ளும். வளைவின் வேகத்தையும் வீச்சையும் விரலின் அழுத்தத்தோடு பிணைக்கும் வேலை அங்கிருந்துதான் தொடங்குகின்றது.