பாதிப் பாட்டு

‘ரீமாஸ்டர்ட்’ என்ற சொல்லைப் பார்த்தாலே இப்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வருகிறது. இணையத்தில் இளையராஜாவின் பழைய பாடல் எதைத் தேடினாலும், அசலுக்கு முன்னால் யாரோ மெருகேற்றிய பதிப்பு வந்து நிற்கிறது. பேஸ் நெஞ்சில் இடிக்கிறது, தாளத்தட்டு காதைக் குத்துகிறது.

இந்தச் சந்தேகம் ஓர் ஆம்ப்ளிஃபையரில் தொடங்கியது. எழுபதுகளின் கடைசியில் தாத்தா வாங்கிய ஜப்பான் பெட்டி. தோட்டத்து லயத்திலிருந்து தெலுக் இந்தானுக்குக் குடிவந்தபோது அதுவும் கூடவே வந்தது. அப்பா அதில் அதிகம் கேட்டது ‘பிரியா’ (1978) இசைத்தட்டு. தமிழ்த் திரையில் முதலில் ஸ்டீரியோவில் பதிவான பாடல்கள் என்று அதற்கொரு பெயர் உண்டு.

ஸ்டீரியோ தட்டில் பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் வெவ்வேறு ஒலி செதுக்கப்பட்டிருக்கும். ஊசி இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கும். எங்கள் பெட்டியிலோ வலது பக்கம் எப்போதோ செத்துவிட்டது. பாடகரின் குரலை வழக்கமாக இரண்டு பக்கமும் சமமாகத்தான் வைப்பார்கள். அதனால் யாருக்கும் பெரிதாக உறைக்கவில்லை. ஸ்பீக்கர் போச்சு என்று விட்டுவிட்டார்கள். பல வருஷமாக எங்கள் வீட்டில் ஓடியது பாதிப் பாட்டு.

போன வருஷம் அதைத் திறந்தேன். நேராகக் கரண்ட் கொடுக்காமல் 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி தப்பிக்கும். மங்கலாகத்தான் எரிந்தது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களுக்குள் இருக்கும் திரவம் வருஷக் கணக்கில் காய்ந்துபோகும். ஈப்போவில் வாங்கி, அதே மதிப்பில் புதிதாகப் போட்டேன். கறுத்துப்போன சுவிட்ச் முனைகளைக் கழுவினேன். கடைசியில் வலது பக்கம் செத்ததற்குக் காரணம் ஒரே ஒரு ஈயப்பற்றில் விழுந்த விரிசல்! மறுபடி பற்றவைத்ததும் பேசியது. சர்க்கியூட்டையே இன்னும் ‘நல்லதாக’ மாற்றலாமே என்று கை அரித்தது. மாற்றவில்லை. கழற்றிய பாகங்களை ஓர் உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்தேன். நாளைக்குத் திறக்கிறவருக்கு நான் என்ன செய்தேன் என்று தெரிய வேண்டும்.

தட்டைப் போட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். சிங்கப்பூரைப் பாடும் ஜேசுதாஸ் பாட்டு. முழுசாகக் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்குடா. ஆனா இது நான் கேட்ட பாட்டு இல்ல.”

எழுந்துபோய் பேலன்ஸ் குமிழை இடது கோடிக்குத் திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது: நான் மீட்டது யாருடைய அசல்? அப்பாவுக்கு அந்தப் பாதிதான் முழுப் பாட்டு. அப்படியானால் இணையத்தில் மெருகேற்றுகிறவரும் ‘என் காதுக்கு இதுதான் பாட்டு’ என்று சொல்லலாமே?

சொல்லலாம். ஆனால் அப்பா திருப்பிய குமிழை நான் மறுபடி நடுவுக்குக் கொண்டுவர முடியும். மெல்லிய இடங்களைத் தூக்கி, உரத்த இடங்களை அழுத்தி, எல்லாவற்றையும் ஒரே சத்தமாக நசுக்கிய கோப்பிலிருந்து அந்த மேடுபள்ளங்களை அப்படியே திரும்பப் பெற முடியாது. மோனோ பாடலைப் பிளந்து செய்யும் போலி ஸ்டீரியோவும் இந்த ரகம்தான்.

எதையும் மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘பிரியா’வே சுஜாதாவின் நாவல்தான். நாவலில் கதை லண்டனில் நடக்கிறது, படம் அதைச் சிங்கப்பூருக்குத் தூக்கிக்கொண்டு போனது. ரசிக்கலாம், திட்டலாம். நாவல் நாவலாகவே அலமாரியில் இருக்கிறது. அசலின் பெயரைப் போட்டுக்கொண்டு அசலின் இடத்திலேயே உட்கார்ந்துவிடும் பதிப்புதான் ஆபத்தானது. எங்கே கைவைத்தோம் என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் வரும் பழைய நாவல்களின் ‘திருத்திய’ மறுபதிப்புகளையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். அந்த உறை அவற்றில் இல்லை.

அப்பா இன்னமும் பாதியைத்தான் கேட்கிறார். அவர் வெளியே போனதும் நான் குமிழை நடுவுக்குத் திருப்புகிறேன். சாயங்காலம் பார்த்தால் அது மறுபடி இடது பக்கம் இருக்கிறது.