ராகப் பட்டியலும் பெரியப்பாவின் பிபி மாத்திரையும்

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்தது. இடது பக்கம் ராகம், வலது பக்கம் நோய். ஒன்று ரத்த அழுத்தத்துக்கு, ஒன்று வயிற்று வலிக்கு, இன்னொன்று தூக்கத்துக்கு. சரியாகப் படிக்காமலேயே நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன். திருவேற்காட்டில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் பெரியப்பா அதை நம்பிவிட்டார். தினமும் காலையில் அரை மணி நேரம் ராகம் கேட்டார், பிபி மாத்திரையை நிறுத்திவிட்டார். பத்து நாள் கழித்து தலைசுற்றல். அளந்து பார்த்தால் 180/110. நல்லவேளை, அத்தோடு போயிற்று.

அதனால்தான் இந்தக் குறிப்பு. இசை சிகிச்சையே பொய் என்று சொல்ல வரவில்லை. தேடிப் படித்தவரையில் அதில் விஷயம் இருக்கிறது. ஆனால் பட்டியல் காட்டும் இடத்தில் இல்லை.

நான் சாஃப்ட்வேர் ஆள். என் கண்ணுக்கு அது ஒரு லுக்-அப் டேபிள். நோயைக் கொடுத்தால் ராகம் வரும். கேட்பவர் யார், என்ன வயது, அந்தப் பாட்டு அவருக்குப் பழக்கமா, கூட யார் இருக்கிறார்கள் என்பதற்கெல்லாம் அதில் கட்டமே கிடையாது. ஆய்வுகளைப் படித்தால் முக்கியமாகத் தெரிவதோ இவைதான்.

குழந்தையிலிருந்து ஆரம்பிப்போம். 2013-இல் அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில் 272 குறைமாதக் குழந்தைகளிடம் ஒரு ஆய்வு நடந்தது. பெற்றோர் தங்களுக்குப் பிடித்ததாகத் தேர்ந்தெடுத்த பாட்டைத் தாலாட்டாக நேரில் பாடியபோது குழந்தைகள் கூடுதலாகப் பால் குடித்தன. பெற்றோரின் பதற்றமும் குறைந்தது.

மனச்சோர்வுக்கு 2017-இல் வந்த காக்ரேன் தொகுப்பு 9 ஆய்வுகளை, 421 பேரை எடுத்துக்கொண்டது. வழக்கமான சிகிச்சையோடு இசை சிகிச்சையும் சேர்ந்தால் குறுகிய காலத்தில் பலன் கூடுகிறது என்றது. ‘சேர்ந்தால்’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். எங்கள் பெரியப்பா தவறவிட்டது அதைத்தான்.

முதுமைக்கு வருவோம். மறதி நோய் பற்றிய 2018 காக்ரேன் தொகுப்பில் 22 ஆய்வுகள். மனச்சோர்வு குறையலாம், நடத்தைச் சிக்கல்கள் தணியலாம் என்கிறது. அறிவாற்றலில் பெரிய மாற்றம் இல்லை. அதே நேர்மையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளிடம் 9 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வில் (2017) முக்கிய அளவீட்டில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. ஃபார்வர்டுகளில் இது வராது.

ராக வைத்தியத்துக்கு ஆதாரமாக எல்லோரும் சொல்வது முத்துசுவாமி தீட்சிதர் கதை. சீடர் தம்பியப்பனின் தீராத வயிற்று வலிக்காக அடாணா ராகத்தில் ‘ப்ருஹஸ்பதே’ கிருதியைப் போட்டார், வலி போனது என்பார்கள். கதை உண்மையா என்பது வேறு விஷயம். கதையிலேயே என்ன இருக்கிறது என்று பாருங்கள். குரு அந்த ஒருவருக்காகவே பாட்டு கட்டுகிறார். சீடர் தானே அதைப் பாடுகிறார். பட்டியல் இவை இரண்டையும் உதறிவிட்டு ‘அடாணா = வயிற்று வலி’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டது.

நம் வீட்டுப் பெண்களுக்கு இது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். பிறந்ததும் தாலாட்டு, போனதும் ஒப்பாரி. இரண்டிலும் மாமன் பேர், ஊர்ப்பேர், அந்த வீட்டுக் கதை எல்லாம் வரும். ஒருவர் இன்னொருவருக்காகப் பாடுவது. அதை நோய் வாரியாகப் பிரித்து யாரும் எழுதி வைக்கவில்லை.

பெரியப்பா இப்போது மாத்திரை போடுகிறார். ராகத்தையும் விடவில்லை, விடவும் வேண்டாம். ஆடி மாதம் கருமாரியம்மன் கோயில் பக்கமிருந்து ஸ்பீக்கரில் எல்.ஆர். ஈஸ்வரி குரல் வந்தால் பெரியம்மாவும் அவரும் சேர்ந்து பாடுவார்கள். அந்தப் பாட்டுகள் பட்டியலில் இல்லை.

நேற்று குழுவில் என் கட்டைவிரலை எடுத்துவிட்டு, ‘மாத்திரையை நிறுத்தும் முன் டாக்டரைக் கேளுங்க’ என்று எழுதினேன். அதற்கு இரண்டே லைக்தான். ஒன்று பெரியப்பாவுடையது.