திருவண்டப்பகுதியும் வானநூலும்

மணிவாசகப் பெருமான் தில்லையில் அருளிய திருவண்டப்பகுதியில் வரும் பிறக்கம், விரிதல் என்னுஞ் சொற்களைப் பற்றிக்கொண்டு, விண்மீன்திரள்கள் அகன்று செல்வதாக 1929இல் ஹப்பிள் என்பார் வெளியிட்ட முடிபு ஆண்டு முன்னரே கூறப்பட்டதென மகிழ்வார் பலர். அம்மகிழ்ச்சி நூலுக்குப் பெருமை தருவதன்று. அச்சொற்கள் மிகுதியையும் பரப்பையுமே குறிப்பன. ஒன்றைவிட்டொன்று அகலுதல் அவற்றுட் பெறப்படாது. 101 கோடிக்கு மேற்பட்ட அண்டங்கள், இல்லினுட் புகும் ஞாயிற்றுக்கதிரில் மிதக்குந் துகளெனச் சிறுத்துத் தோன்றுவது இறைவனது பெருமையின் முன்னரென்க.

இனி, இவ்வன்பர்கள் முதற் சில அடிகளோடு நின்றுவிடுகின்றனர். பாட்டோ 182 அடிகளையுடையது. ஞாயிற்றுக்குச் சோதியும் திங்கட்குத் தண்மையும் வைத்தவன், இவ்வுபாயத்தாற் காண்பேமென்று முனைந்தவர்க்கு அவ்வுபாயத்திலேயே ஒளித்தவன் (வானநூலாற் காண்பேமென்பாரும் இவருள் அடங்குவர் போலும்!) இறுதிப்பகுதியில் யாது செய்தான்? அடிகளது உடம்பாகிய சிறுகுடிலில் தேன் பாய்ச்சி, என்பின் துளைதோறும் அமுதத்தை ஏற்றினான். தொடக்கத்தில் இல்லினுட் புகுந்தது கதிர். இங்கே குடிலுட் புகுந்தது திருவருள். அண்டங்களையே துகளாக்கிய பாட்டு மனிதனைத் துகளினுந் துகளென்று கைவிடவில்லை. அவனை இறைவன் புகும் இல்லாக்கிற்று.

ஆதலின், பாடஞ்சொல்லும் ஆசிரியர்கள் முதலடிகளை மட்டும் மாணாக்கர்க்கு மனப்பாடமாகக் கொடுத்து விடுதல் தகாது. அக்குடிலைப் பாடும் அடிகளையும் உடன்வைத்து ஓதுவித்தல் வேண்டும்.