இலக்கணத்தை மீறாத மீறல்: சுகுமார் ராயின் நகைச்சுவைப் பாடல்களும் தமிழாக்கமும்

1. முன்னுரை

மைசூருக்குத் தெற்கே, கபினி ஆற்றங்கரையில் உள்ள நஞ்சன்கூட்டின் பெயரைத் தமிழ்க் குழந்தை ஒன்று எழுத்துக்கூட்டிப் படிக்குமாயின், நஞ்சன் என்பது எந்தப் பறவை, அதன் கூடு எங்கே உள்ளது என்று கேட்கக்கூடும். நஞ்சுண்ட இறைவனின் உறைவிடம் என்பதே பொருள் எனப் பெரியவர்கள் திருத்துவர். திருத்தம் சரியே. ஆயினும் குழந்தையின் பிழை விதியற்ற பிழையன்று. சொல்லைப் பகுக்கும் முறையை அது சரியாகவே கையாண்டிருக்கிறது. பொருளை மட்டும் வேறிடத்தில் தேடியிருக்கிறது. இத்தகைய பிழையைத் திருத்தாமல், அதன்மீது ஒரு நகைச்சுவை உலகையே எழுப்பியவர் வங்க எழுத்தாளர் சுகுமார் ராய் (1887–1923). அவருடைய பாடல்களைத் தமிழாக்குவோர் எதனைப் பெயர்க்க வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஆசிரியரும் நூலும்

சுகுமார் ராய் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் பயின்றவர். 1911இல் இங்கிலாந்து சென்று அச்சுத்தொழில் நுட்பங்களைக் கற்றார். தந்தை உபேந்திரகிஷோர் 1913இல் தொடங்கிய 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழில் எழுதினார், படங்களும் வரைந்தார், தந்தைக்குப் பின் அதன் ஆசிரியரானார். கருங்காய்ச்சல் என வழங்கும் காலா அசார் நோயால் 1923 செப்டம்பர் 10இல் மறைந்தார். அவருடைய பாடல் தொகுப்பான 'ஆபோல் தாபோல்' ஒன்பது நாள்களுக்குப் பின்னரே வெளிவந்தது. விதிகளை ஆராயும் அறிவியல் மாணவரும் எழுத்துகளைக் கோக்கும் அச்சுத் தொழிலரும் இந்நூலின் ஆசிரியருக்குள் ஒருங்கே இருந்தனர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

3. பெயர்ப் புணர்ப்பு

'கிச்சுரி' என்னும் பாடலில் விலங்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இலக்கணத்தை மதிப்பதில்லை என்று கவிஞரே அடைப்புக்குறிக்குள் கூறிச் செல்கிறார். அவர் கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. வாத்தைக் குறிக்கும் ஹாஸ், முள்ளம்பன்றியைக் குறிக்கும் ஸஜாரு ஆகியவை சேர்ந்து ஹாஸ்ஜாரு ஆகின்றன. பக் (கொக்கு), கச்சப் (ஆமை) ஆகியவை பகச்சப் ஆகின்றன. ஹாதி (யானை), திமி (திமிங்கிலம்) ஆகியவை ஹாதிமி ஆகின்றன. மூன்றிலும் முதற்சொல்லின் ஈறும் வருசொல்லின் முதலும் ஒத்த ஒலிகளாக உள்ளன; அவற்றுள் ஒன்று கெடுகிறது. எந்த விலங்கையும் எந்த விலங்கோடும் அவர் ஒட்டிவிடவில்லை. மொழி எங்கே இடம் தருகிறதோ அங்கேதான் ஒட்டுகிறார்.

இவ்விதியைத் தமிழில் செயற்படுத்த முயன்றால் ஒரு தடை எதிர்ப்படுகிறது. நன்னூல் மொழிமுதலாகக் கொள்ளும் மெய்கள் பத்தே. யானை, குதிரை, நரி, கிளி, ஆடு ஆகியவற்றின் ஈற்றெழுத்துகளான னை, ரை, ரி, ளி, டு ஆகியவை தமிழ்ச்சொல்லின் முதலில் வாரா. ஆகவே இவை ராயின் விதிப்படி முதற்சொல்லாக நிற்க இயலாது. இடம் தரும் பெயர்களும் உள்ளன. எருமையும் மைனாவும் சேர்ந்து 'எருமைனா' ஆகலாம். குருவியும் விலாங்கும் 'குருவிலாங்கு' ஆகலாம். பாம்பும் புலியும் சேர்ந்த 'பாம்புலி' சற்று வேறானது. எழுத்தளவில் பு ஒன்றே. ஒலியளவில் முன்னது மெலிந்தும் பின்னது வலிந்தும் ஒலிக்கும். கண்ணால் படிக்கும் குழந்தைக்கு இப்புணர்ப்பு பொருந்தும். காதால் கேட்கும் குழந்தைக்கு முழுதும் பொருந்தாது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். எருமைனாவைப் படைத்தவர் மொழிபெயர்ப்பாளரேயன்றி ராய் அல்லர் என்பது அது. மேலும் ராய் வரைந்த படத்தில் இருப்பது வாத்தும் முள்ளம்பன்றியுமாகும். இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. ராயின் படங்களோடு வெளியிடும் பதிப்பில் அவர் தந்த விலங்குகளையே வைத்துக்கொள்ள நேரும். அங்கே ஒலியின் நயம் குறையும். படத்தையும் ஒலியையும் ஒருங்கே காப்பது அரிது. எதனை இழக்கிறோம் என்று அறிந்து இழப்பதே மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடியது. 'வாத்துமுள்ளம்பன்றி' என்று எழுதி, இழப்பு நேர்ந்ததையே அறியாதிருப்பதுதான் குறை.

4. உறைந்த உருவகங்கள்

'சப்தகல்பத்ரும்' என்னும் பாடலின் தலைப்பு, ராதாகாந்த தேவ் தொகுத்த புகழ்பெற்ற வடமொழி அகராதியின் பெயரைச் சிலேடையாக்குகிறது. இப்பாடலில் பூ மலர்வது வெடியோசையாகக் கேட்கிறது. நிலா மூழ்கும் ஓசையும் உறக்கம் உடையும் ஓசையும் எழுகின்றன. பூ 'வெடிப்பதும்' உறக்கம் 'உடைவதும்' வங்க மொழியின் அன்றாட வழக்குகள். வழக்கில் உறைந்துபோன உருவகங்களுக்குக் கவிஞர் ஓசையை மீட்டுத் தருகிறார்.

தமிழில் உறக்கம் உடைவதில்லை, கலைகிறது. கலைதலுக்கு ஓசை இல்லை. 'தூக்கம் உடைந்தது' என்று பெயர்த்தால் அது தமிழும் ஆகாது, நகைச்சுவையும் ஆகாது. ஆனால் தமிழில் வெயில் அடிக்கிறது, பொழுது சாய்கிறது, மனம் உடைகிறது, பசி கிள்ளுகிறது. வெயில் 'பளார்' என்றும், பொழுது 'தடால்' என்றும், மனம் 'சடசட' என்றும் ஒலித்தால் தமிழ்க் குழந்தை அக்கணமே சிரிக்கும். ஒலிக்குறிப்புச் சொற்களும் இரட்டைக்கிளவியும் நிறைந்த தமிழுக்கு இதில் வறுமை இல்லை. மூலத்தின் வினைகளை விடுத்து, மூலத்தின் செயல்முறையைப் பின்பற்றுவதே இங்கு நேர்மையான மொழிபெயர்ப்பு எனலாம்.

5. தலைப்புகள்

ராயின் உரைநடைக் கதையான 'ஹஜபரல' குழப்பத்தைக் குறிக்கும் வங்கச் சொல்லைத் தலைப்பாகக் கொண்டது. எழுத்தளவில் அது ஹ, ய, வ, ர, ல என்பதேயாகும். வங்க ஒலிப்பில் யகரம் ஜகரமாகவும் வகரம் பகரமாகவும் மாறுகின்றன. பாணினியத்தின் தொடக்கத்தில் உள்ள எழுத்துத் தொகுப்பில், குறியீட்டெழுத்தை நீக்கிப் பார்த்தால், இவ்வைந்தும் இதே வரிசையில் நிற்கின்றன. இலக்கணத்தின் முதற்பாடமே குழப்பத்தின் பெயராகிவிட்டது. ஒலிப்பை மட்டும் தமிழில் எழுதினால் இத்தொடர்பு மறைந்துவிடும்.

'ஆபோல் தாபோல்' பொருளற்ற பேச்சைக் குறிக்கும் எதிரொலித் தொடர். எதிரொலிச் சொல் தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொதுவானது. நஞ்சன்கூட்டின் பெயர்பெற்ற வாழையைக் கன்னடர் 'பாளெ கீளெ' என்பர். தமிழர் 'வாழை கீழை' என்பர். 'புலி கிலி' எனும்போது எதிரொலியே அச்சம் என்னும் பொருளையும் பெற்றுவிடுகிறது. தலைப்புக்குத் 'தத்துப்பித்து', 'கன்னாபின்னா' போன்ற வழக்குகள் ஆயத்தமாக உள்ளன.

6. முடிவுரை

அபத்தப் பாடல்களைத் தமிழாக்கும்போது அடிக்குறிப்பால் விளக்குவதும், ஓர் அறிவுரையைச் சேர்ப்பதும் எளிய வழிகள். இரண்டும் குழந்தையிடமிருந்து ஒன்றைப் பறிக்கின்றன. மொழிக்கு விதி உண்டு என்பதைக் குழந்தை இலக்கண வகுப்பில் கற்பதற்கு முன்னரே விளையாட்டில் உணர்கிறது. ராயின் பாடல்கள் அவ்வுணர்வுக்கு உரியவை. நஞ்சன் எந்தப் பறவை என்று கேட்கும் குழந்தைக்கு ஊரின் வரலாற்றைச் சொல்லலாம், சொல்ல வேண்டும். அதற்கு முன் அப்பறவை எப்படி இருக்கும் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பவரே சுகுமார் ராயைத் தமிழில் தரத் தகுதியுடையவர்.