இசைக்கு உடையார் யாவர்?

ஜவ்வாது மலைத்தொடரின் தென்புறத்தே, செங்கண்மா எனப் பண்டு வழங்கிய செங்கத்தை ஆண்ட நன்னன்சேய் நன்னனைப் பாடியது மலைபடுகடாம். 583 அடிகளையுடைய அப்பாட்டின் ஆசிரியர் பெருங்கௌசிகனார். முழவும் ஆகுளியும் தூம்பும் குழலும் சுமந்து அதனுள் மலைவழி செல்லும் கூத்தருள் ஒருவர் பெயரேனும் அறியப்படவில்லை. இது கொண்டு, பண்டையோர் இசையிற் புதுமையை வேண்டிலர் என்பர் இக்காலத்தாருட் சிலர். அது பொருந்தாது. நன்னன் அவையில் விறலியர் தொன்முறை வழுவாது முதற்கண் கடவுளைப் பரவி, அதன்பின் புதிய பாட்டுக்களைப் பாடுதலை அந்நூலே கூறுகின்றது. அப்புதுமைக்கு ஆண்டு வழங்கும் சொல் விருந்து. தொல்காப்பியரும் புதுவதாகப் புனைவதனை அப்பெயரான் வனப்பெட்டனுள் வைத்தார். புதுமை குறித்த சொல்லே, புதியராய் வந்தாரையும் அவர்க்கு இடும் உணவையும் குறித்தல் நோக்கத்தக்கது. புதுமை உண்டு, அதனை ஒருவர் தம் உடைமை எனக் கோடலே இல்லை.

புகழ் யார்க்குரியது என்னும் வழக்கோ அன்றும் எழுந்தது. திருஞானசம்பந்தப் பிள்ளையாரின் பதிகவிசை பரவுதற்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழே காரணம் எனத் தருமபுரத்தில் அவர்தம் சுற்றத்தார் உரைத்தனர். பாணரே அதற்கு வருந்தி வேண்ட, யாழில் அடங்காத பதிகத்தைப் பிள்ளையார் பாடினார். யாழை உடைக்கப் புகுந்த பாணரைத் தடுத்து, இயன்ற அளவு இசைக்க என்றருளியதும் அவரே. கடைக்காப்பில் தம் பெயரை வைத்தும் தம் உரை இறைவன் உரையென்றே கொண்டார். ஆகலின் பெயர் பொறித்தல் உடைமை கோடல் அன்றென்க.

பிற்காலத்தே, மறைந்த பண்களை எருக்கத்தம்புலியூரில் அப்பாணர் மரபிற் பிறந்த பெண்ணொருத்தி வாயிலாகப் பெற்றனர் எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். அவள் பெயரைக் கூறாது விட்டது அந்நூலின் குறையேயாம்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமோ இசையமைத்தாரையே இசைக்கு ஆசிரியர் என்கின்றது. இன்று அவ்வுரிமை அவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் நிற்கும். பாடுவார்க்கென ஓர் உரிமை 1994இலேதான் சேர்க்கப்பட்டது. பாடிப் பிழைப்பார்க்கு இவை துணையாதலின் இகழற்பாலன அல்ல. ஆயினும், ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் வாய்வழிக் காத்த பாட்டொன்றை ஒருவர் ஒலிப்பதிவு செய்வித்தால், பதிவின் உரிமை அவர்க்கு. பாடினார்க்குச் சிறிது உண்டு. தலைமுறைகளாகக் காத்த குடிக்கு யாதும் இல்லை. சட்டம் திருந்துமளவும், அத்தகைய பதிவுகளிற் பாடினார் பெயரையும் ஊரையும் குடியையும் பொறித்தலேனும் செய்வித்தார்க்குக் கடனாம். எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணுக்கு அதுவும் செய்யப்படவில்லை.